தண்ணீர் குடித்த படகு

எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கிளிஞ்சல்மேட்டில் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கினேன். எனக்கு அதுதான் முதல் படகு. பத்திரமாக இருக்கட்டுமென்று கரையேற்றி, கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு கோடை முழுக்க அதில் வைத்திருந்தேன். மரம் காய்ந்து சுருங்கி, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

சரிசெய்ய வந்த படகுத் தச்சர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும்; வேலை முடியும்வரை அவர் அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. இடுக்குகளில் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் வைத்து அடைத்தார். என்ஜினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, படகை ஆற்றோரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினார். மதியத்துக்குள் படகின் விளிம்பு மட்டுமே வெளியே தெரிந்தது.

"ஐயோ, முழுகிடுச்சேங்க!" என்றேன்.

"குடிக்கட்டுங்க. தண்ணி குடிச்சாத்தான் பலகை உப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க."

நான்கு நாள் அப்படியே கிடந்தது. காலையும் மாலையும் ஓடிவந்து பார்ப்பேன். அவர் கரையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்.

ஐந்தாம் நாள் காலையில் தண்ணீரை இறைத்தோம். சாயங்காலம்வரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"உங்களுக்குக் கொஞ்சங்கூட பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமயா நாலு நாளா வேற வேலைக்குப் போவாம இங்கயே குந்தியிருந்தேன்?" என்றவர், காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

அந்த நான்கு நாளும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.