கஞ்சி யார் காய்ச்சியது?

சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய மகனைப் பார்த்ததும் தகப்பன் முதலில் என்ன கேட்பான்? உடம்பு எப்படி என்று கேட்பான். கட்டிப்பிடித்து அழுவான்.

தச்சநல்லூரில் என் அக்கா புருஷன் கேட்டது வேறு. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என் காதாலேயே கேட்டேன்.

அத்தான் தீட்சை வாங்கிய சைவர். பூஜைக்கு உட்கார்ந்தால் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம், வாயில் சிவநாமம்... இடையிடையே வீட்டாருக்கு வசவு.

அவர் மகன் கோமதிநாயகம். நெல் வாங்க அம்பாசமுத்திரம் போன இடத்தில் காலரா கண்டுவிட்டது. தங்கியிருந்த சத்திரத்துக்காரர் நம்மவர்தான் — பட்டை பட்டையாகத் திருநீறு! பையனைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அள்ளிக்கொண்டு போனவர் எதிர் ஜவுளிக்கடை ராவுத்தர். வைத்தியரைக் கூப்பிட்டு, தம் மனைவியைக் கொண்டு கஞ்சி காய்ச்சி ஊட்டி, பையன் எழுந்து உட்கார்ந்ததும் தாமே ரயிலில் கூட்டிவந்தார்.

வாசலில் மாட்டுவண்டியை விட்டு இறங்கியவன் பாதி ஆளாகிப் போயிருந்தான். அக்கா அலறிக்கொண்டு ஓடினாள். அத்தான் கையை நீட்டி மறித்து, ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"வே, கஞ்சி யாரு காச்சினா?"

ராவுத்தர் வெள்ளந்தியாகச் சொன்னார். "எங்க வீட்டுப் பொம்பளதான் அண்ணாச்சி. வெறும் அரிசியும் உப்புந்தான். புள்ள பொழச்சதே அல்லா கிருபை."

தீர்ந்தது! நல்ல நாள் பார்த்துப் பிராயச்சித்தம் செய்யும்வரை பையன் வீட்டுக்குள் வரக்கூடாது, மாட்டுத்தொழுவத்தில் கிடக்கட்டும் என்றார். ஐப்பசி அடைமழை. தொழுவமெல்லாம் ஒழுகல். இனிக் குளிர் பட்டால் பிழைக்கமாட்டான் என்று வைத்தியர் சொல்லியிருந்ததை ராவுத்தர் சொல்லச் சொல்ல, அத்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனுஷர் காய்ச்சிய கஞ்சியால் வந்த தீட்டு, மாட்டு மூத்திரம் கலந்த பஞ்சகவ்யம் குடித்தால் போய்விடுமாம். ராவுத்தருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமி ஒங்க புள்ளையத் திருப்பித் தந்திருக்கு அத்தான்" என்றேன்.

"அது வேற, ஆசாரம் வேற" என்றார். ஆமாம், வேறேதான்!

அக்கா சண்டை போடவில்லை. கஞ்சி வைத்துத் தொழுவத்துக்கு எடுத்துப் போனாள். பையன் பாதி குடித்தான். மிச்சத்தை அதே கும்பாவில் அவள் குடித்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கேட்டேளா... நானும் தீட்டாயிட்டேன். இனி அடுக்களைக்குள்ள வரமாட்டேன். ஒங்க ஆசாரம் கெடக்கூடாது பாருங்க."

தொழுவத்திலேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். அத்தான் சமைக்க மகளைக் கூப்பிட்டார். அவள் அதற்குள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். நானும் கும்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் பூஜைக்கு நைவேத்தியம் வேண்டுமே? அத்தானே அடுப்படியில் குனிந்தார். அடியில் கரி, நடுவில் அரிசி, மேலே வெந்நீர். அதைச் சாமிக்குக் காட்டினார். சாமி சாப்பிடாது, தப்பித்தது. அத்தான் சாப்பிடவேண்டுமே!

பொழுது சாய்வதற்குள் தொழுவத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே பையன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அத்தான் அவனையே பார்த்தார்.

"ஏலே, குளிருதா?"

மகன் ஊர் வந்து சேர்ந்த பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அக்கா கஞ்சியை ஊற்றி, தேங்காய்த் துவையலும் வைத்து நீட்டினாள். தயங்கினார்... வாங்கிக் குடித்தார். குனிந்த தலை நிமிரவில்லை. குடித்து முடித்ததும் பையனைத் தோளில் தாங்கி வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தம்முடைய கட்டிலில் படுக்கவைத்தார். எல்லாருமே தீட்டு என்றான பிறகு யாரை எங்கே தள்ளிவைப்பது?

இந்த மனிதருக்குள்ளும் ஒரு தகப்பன் இருந்திருக்கிறான். தீட்சை கொடுத்த குருவால் அவனை வெளியே கொண்டுவர முடியவில்லை, பட்டினியால் முடிந்தது. இதற்கு எதற்கு இத்தனை வருஷம் மணியாட்டினார்?

நானாக இருந்தால் அவரை இன்னும் ஒரு வேளை காயப்போட்டிருப்பேன். அக்காவோ, கேட்காமலே இரண்டாம் தடவையும் ஊற்றினாள்.

அதனால்தான் நான் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது... அவளுக்கு வேண்டியதில்லை.