உப்பளத்துக் கணக்கு

எழுபதுகளின் தொடக்கம். என் கணவர் மியூனிக் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம். மலையில் பனி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தையோடு மலையடிவாரக் கிராமத்து விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்கப் போனோம். வெள்ளியும் சனியும் விடாமல் பனி கொட்டியது. ஞாயிறு விடிந்தபோது காற்று வெதுவெதுப்பாகி, வெளியே நல்ல மழை.

ரயில் நிலையத்துக்கு ஒரே சாலை. அது செங்குத்தான மலையின் காலடியில் போகிறது. அதைக் கட்டை போட்டு மூடிவிட்டார்கள். மழை குடித்துக் கனத்த பனி எந்த நேரமும் இறங்கிவிடும், யாரும் போகக் கூடாது என்று விடுதிக்காரம்மா எங்களுக்காக மெதுவாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இவர் தலையாட்டினார். அறைக்கு வந்ததும் பேனாவை எடுத்தார்.

திங்கள் காலை ஆய்வகத்தில் இவருக்கு ஒரு கருவி ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

“ரெண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போய் ஒண்ணேகால் ரயிலைப் பிடிச்சிடறேன். ரோடு ஓப்பன் ஆனதும் நீ குழந்தையோட வா.”

“அந்தம்மா சொன்னது காதுல விழலையா?”

“அவங்க ஜெனரலா சொல்றாங்க.”

இவர் தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவர். காய்ந்த உப்பைக் குவித்தால் சரியும், ஈர உப்பு சுவர் மாதிரி நிற்கும்; பனியும் அப்படித்தானாம். கோணம், எடை, உராய்வு என்று ஒரு தாள் நிறைய எழுதினார். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வருகிற பெண்மணி கீழேதான் இருக்கிறார். அவரிடம் இறங்கிப் போய் ஒரு கேள்வி கேட்க மாட்டார், டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கெஞ்சிப் பார்த்தேன். சண்டை போட்டுப் பார்த்தேன். எதுவும் ஏறவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு பூட்ஸை மாட்டிக்கொண்டார். நானும் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாயைப் போட்டு, புடவைக்கு மேல் கோட்டை மாட்டினேன்.

“நீ எங்க கிளம்பற?”

“கணக்கு சரின்னு சொன்னீங்களே. நாங்களும் வரோம்.”

“வேண்டாம். குழந்தை இருக்கு.”

“இருந்தா என்ன? ஈரமா இருந்தா சரியாதுன்னீங்களே.”

குழந்தையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. லாரி லாரியாக ஜல்லி கொட்டியது போல. கீழே ஓடினோம். கட்டைக்கு அந்தப் பக்கம் சாலையைக் காணவில்லை. வேரோடு வந்த மரங்களும் அழுக்குப் பனியுமாக ஒரு மேடு இருந்தது. இந்நேரம் இவர் அதற்கடியில் இருந்திருப்பார்.

இவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி ஒரு லெவலைத் தாண்டினா பிடிப்பு போயிடும் போல. அதைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டேன்,” என்றார்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் உடைந்து ஓவென்று அழுதேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து விடுதிக்காரம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பயமும் இருந்தது, ஆனால் முக்கால்வாசி கோபம். அதை அவரிடம் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. இவரிடம் சொல்லத் தமிழும் போதவில்லை.