பாஸ்டருக்குத் தெரியக்கூடாத டாக்டர்

மகாஜனங்களே, இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

இன்று இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் பிரான்காச்சோ பக்கம் போகும் பஸ்ஸில் நாற்பதாயிரம் பேர். என் மடியில் மட்டும் பதினேழு. பக்கத்தில் என்னோடு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்யும் கானா நாட்டுப் பெண். மூன்று கிழமையாக நித்திரையில்லாமல் அழுகிறாள். இன்றுதான் முதல் தடவையாக மனநல டாக்டரிடம் போகிறாள், துணைக்கு நான். நாங்கள் இத்தாலியனில் கதைத்ததை என் தமிழில் தருகிறேன்.

“அங்கிள், பாஸ்டருக்குத் தெரிஞ்சால்? இவளுக்கு விசுவாசம் காணாது எண்டு எங்கட ஆபிரிக்கச் சபை முழுக்கக் கதைக்கும். திரும்பிப் போவம்.”

“சும்மா இரு பிள்ளை! பல்லு வலிச்சால் ஜெபிக்கவும் செய்யிறம், புடுங்கவும் செய்யிறம்தானே?” என்று முழங்கினேன். பலெர்மோ முழுவதும் கைதட்டியது.

கிளினிக் கதவைத் திறந்தோம். உள்ளே நம்பர் துண்டோடு பாஸ்டர் இருந்தார்!

அவள் விறைத்து நின்றாள். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்தார்.

“இரு மகள். நான் வாறது இது நாலாம் தரம்.”

“அப்ப ஏன் ஞாயிற்றுக்கிழமையில சொல்லேல்லை?”

“பயம், மகள்.”

அவள் இருந்தாள். எனக்குத்தான் தலை சுற்றியது. எங்கள் மாதா கோயிலிலும் நித்திரை வராதவர்களுக்கு நவநாள் ஜெபம் மட்டும்தானே சொல்கிறோம்? நாங்கள் யாருக்குப் பயம்? விளங்கியவர்கள் கீழே எழுதுங்கள்.

மற்றபடி, வழக்கம்போல எல்லாம் என் புளுகுதான். அந்தப் ‘பயம், மகள்’ மட்டும் உண்மை.