இனித்த தண்ணீர்

ஆடி மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மூடப்பட்ட தொழிற்சாலையின் வாயிலருகே இருந்த தகரக் கொட்டகையில், நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய வந்த இன்ஜினியர் என்னிடம் நீர்ச் சோதனை முடிவுத் தாளை நீட்டினார். எங்கள் தெருவின் அடிபம்புகள் வரிசையாக அதில் இருந்தன. ஒன்பதாவது வரியில் மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தது. அது என் அத்தை வீட்டுப் பம்பு.

திருவொற்றியூரில் எங்கள் தெருவின் பின்சுவருக்கு அப்பால் இருந்தது அந்தத் தொழிற்சாலை. இயந்திர உதிரிகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ அங்கே ஒரு திரவத்தைப் பயன்படுத்தினார்கள். கழுவிய மிச்சத்தைப் பின்புறக் குழியில் ஊற்றினார்கள். ஆலை நின்ற பிறகும் திரவம் நிற்கவில்லை. நிறமற்றது, நீரைவிடக் கனமானது. மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கரைந்து, மெல்ல எங்கள் வீடுகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மண்ணையும் நீரையும் சுத்தம் செய்ய வந்தவர்கள், வீடு வீடாக நீர் மாதிரி எடுக்க உள்ளூர் ஆள் வேண்டுமென்று என்னைப் பகுதிநேரமாக அமர்த்தினார்கள். இலக்கிய மாணவியான நான் குப்பிகளின் மேல் வீட்டு எண்ணும் நேரமும் எழுதினேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மற்றவர்கள் பம்பில் உப்பு நீர் வர, அவருடையதில் மட்டும் நல்ல நீர். அண்மை ஆண்டுகளில் அதில் ஒரு மெல்லிய இனிப்பும் சேர்ந்திருந்தது. அம்மன் கொடுத்தது என்று அத்தை நம்பினார். யாருடைய குடத்தையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. நான் குப்பியோடு போன அன்று, "எடுத்துகினு போ. உங்க சாரு ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டும். அப்பால அவரே குடத்தத் தூக்கிகினு வந்து நிப்பாரு" என்று சிரித்தார்.

அந்த இனிப்புதான் அந்தத் திரவம்.

"ரெண்டாவது டெஸ்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா. பீதி கிளம்பிடும்" என்றார் இன்ஜினியர். தலையசைத்தேன். நான் குறைவாகப் பேசுகிறவள். வீட்டில் அதை அடக்கம் என்பார்கள். அன்று பகல் முழுவதும் நானும் அதை அப்படியே அழைத்துக்கொண்டேன்.

மாலையில் அத்தை வீட்டு முற்றத்தில் கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஆடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுவதற்கும் அவர்தான் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார். முந்தின மாலையே மாவைக் கரைத்துப் புளிக்கவிட வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அத்தையின் வழக்கப்படி முதல் கரண்டி கர்ப்பிணிக்கு.

"இன்னாடி, கம்பம் மாதிரி நின்னுகினு கீற? வந்து பம்பு அடி!" என்றார் அத்தை.

"காலேஜு பொண்ணு அத்த, புஸ்தகத்துல பாத்துட்டு வந்துதான் அடிக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அடித்தேன். அண்டா விளிம்புவரை நிரம்பும் வரை அடித்தேன். நீர் மிகத் தெளிவாக இருந்தது.

இன்று அந்தப் பம்புக்குக் கைப்பிடி இல்லை. சுவருக்கு அப்பால் தோண்டிய மண் கருப்புத் தார்ப்பாய்க்கடியில் குவிந்திருக்கிறது. நீரை இறைத்துக் கரியில் வடிகட்டும் இயந்திரம் ஓயாமல் உறுமுகிறது. எப்போது முடியும் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "நான் ரிட்டயர் ஆனப்புறம்" என்றார். அவருக்கு என்னைவிடச் சில வயதுதான் அதிகம். அத்தை மருமகளின் குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று மருமகள் கேட்பதில்லை.

பம்பு அடித்ததற்கு மறுநாள், ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் அத்தை வீட்டுக்குப் போனபோது கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார்கள். படையல் முடியும் முன் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். கற்பூரம் அணைந்திருந்தது, தெருக்கோடி வரை சொம்புகளோடு வரிசை. மருமகள் முதலில் நின்றாள். அத்தை கரண்டியை எடுத்தார்.

"ஊத்தாதீங்க அத்தை."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தாளில் இருந்ததைச் சொன்னேன்.

"கொதிக்க வெச்சதுதானே?" என்றார் யாரோ.

"கொதிச்சாலும் நம்ப முடியாது."

அத்தை என்னையே பார்த்தார். "நேத்து நீதானடி பம்பு அடிச்ச?"

"ஆமா அத்தை."

"அப்ப தெரியுமா?"

"தெரியும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அண்டாவை மூடினார். மருமகளின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனார்.

நான் வரிசையின் முன்னாலிருந்து தொடங்கினேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு செய்திகள்: இந்தத் தண்ணீரை இனிக் குடிக்காதீர்கள், எனக்கு இது நேற்றுக் காலையே தெரியும். முதலாவதற்குக் கேள்விகள் கேட்டார்கள். இரண்டாவதற்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை முடியும் வரை சொன்னேன்.