என் பங்குக்கு மட்டும் பாஸ்

என் கைப்பையில் ஒரு சிவப்பு அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம், மேலே ஒரு ஓட்டை, அதில் மெல்லிய கம்பி. தொழிற்சாலையில் அளவு தவறிய பாகங்களில் கட்டுகிற ரிஜெக்ட் அட்டை. இது கட்டப்பட்டதோ என் டிபன் பாக்ஸில். 'காரணம்' என்று அச்சிட்ட இடத்தில் அண்ணனின் கோழிக்கிறுக்கல்: 'உப்புமாவில் உப்பு இல்லை.' கீழே முழுக் கையெழுத்து வேறு. அன்றைக்கு மதியம் கேன்டீனில் எல்லார் முன்னாலும் டப்பாவை எடுத்து, மானம் போய், அட்டையைக் கசக்கிப் பைக்குள் திணித்தேன். அப்படியே தங்கிவிட்டது.

அண்ணனுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி வேலை. உத்தனப்பள்ளிப் பக்கம் ஊரான் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த எங்கள் வீட்டில் முதலில் டிப்ளமோ படித்தவன். அவனுக்குப் பின்னாலேயே வந்து நானும் வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து, அவனோடும் அண்ணியோடும் ஒரே வீட்டில் இருந்தேன். மயிரளவு தப்பினாலும் சிவப்பு அட்டைதான் அவனுக்கு. "கட்டுன அட்டய அவுக்கக் கூடாது பாப்பா. நேரா ஸ்க்ராப்புதான்" என்பான். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டானாம். வீட்டிலும் அதே கதைதான். அண்ணியின் குழம்பு ஒரு நாளும் அவனிடம் பாஸானதில்லை.

தன் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தபோது அதை மட்டும் அவன் கண்டுகொள்ளவில்லை. லிம்போமா, நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய் என்றார்கள். பெங்களூரில் கீமோ கொடுத்தார்கள், கரைந்தது, வருடம் திரும்புவதற்குள் மறுபடி வந்தது. அடுத்து மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. உடம்பின் எதிர்ப்பு சக்தியையே உசுப்பிவிட்டு நோயை அடிக்க வைக்கும் மருந்து என்று டாக்டர் விளக்கினார். அது நன்றாகவே கேட்டது. கட்டி அடங்கியிருக்கும் இந்த நேரத்திலேயே வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றிவிட வேண்டும், விட்டால் திரும்பி வந்துவிடும் என்றார். என்னுடையது முழுதாகப் பொருந்தியது. "அளவு பாக்குற கேஜு மாதிரி கரெக்டா உக்காந்துகிச்சு பாரு" என்று அண்ணன் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஸ்டெம் செல் ரத்தத்தில் இறங்குவதற்காக ஐந்து நாள் எனக்கு ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆறாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் பிரித்து, மறு கை வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். பையில் சேர்ந்தது தக்காளி ரசம் போலத்தான் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டியா பாப்பா?" என்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதையும் ரிஜெக்ட் பண்ணிப் பாரு, அப்பறம் இருக்குது உனக்கு" என்றேன். அண்ணி சிரித்தாள். தமிழ் தெரியாத நர்ஸம்மாகூடச் சிரித்தார். நான் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதை அவனுக்கு ஏற்றிய மூன்றாம் வாரம் அவனுடைய ரத்த அணுக்கள் கூடின. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினோம். தோலில் சிவப்பு, வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் நர்ஸம்மா போன் செய்வார். "சென்னாகிதீனி சிஸ்டர்" என்பான் அண்ணன். நன்றாக இருக்கிறேன் என்று கன்னடத்தில். கொளுத்துகிற வெயிலில் கம்பெனியின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன் கை நுனியை உள்ளங்கைவரை இழுத்துவிட்டு டம்ளரைப் பிடித்தான். குளிருகிறது என்றான், நம்பினோம். சட்டையைப் போட்ட ஐந்தாம் நாள் அண்ணி வெடுக்கென்று கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. சட்டையைக் கழற்றினால் மார்பு, முதுகு எல்லாம் அதே சிவப்பு.

அவனுடைய உடம்பு என் செல்லை ஒதுக்கவில்லை என்றார் டாக்டர். என் செல் நன்றாகவே வேர் பிடித்துவிட்டது. பிடித்த செல் அவனுடைய உடம்பை அந்நியம் என்று நினைத்து அடிக்கிறது. முன்பே எதிர்ப்பு சக்தியை உசுப்பும் அந்த ஊசி போட்டவர்களுக்கு இது மூர்க்கமாக வரக்கூடும், முதல் நாளே வந்திருந்தால் அடக்கப் பார்த்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டார். ஏன்டா மறைத்தாய் என்று கட்டிலருகில் போய்க் கத்தினேன். அவனை நான் 'டா' போட்டுப் பேசியது அந்த ஒரு முறைதான். "ரிஜெக்ட்டுனு எழுதிட்டா உன்னுத எடுத்து ஸ்க்ராப்புல போட்டுருவாங்கன்னு நெனச்சிட்டேன் பாப்பா. நீ அவ்ளோ வலி பட்டு குடுத்தது" என்றான். பிறகு குடலுக்குப் பரவியது. எந்த மருந்தும் கேட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் போய்விட்டான்.

நான் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஷிப்டுக்குப் போய் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். கூட வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்து ஓவென்று அழுதார்கள், நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. சொல்லட்டும். தோலைக் கிள்ளினால் வலிக்கிறது, அதற்குமேல் உள்ளே ஒன்றும் போகவில்லை. அவன்மேல் கோபம் வந்தாலாவது தேவலை. கூறுகெட்டவனே, டிப்ளமோ படித்தவன்தானே நீ, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டிப் பார்த்தேன். அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது.

அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "கல்யாணமாகி எட்டு வருசம், என் கொழம்புக்கு ஒரு நாளு பாஸ் போட்டாரா அந்த மனுசன்? உன் ரத்தத்துக்குப் போட்டாரு பாரு" என்றாள். அந்த முழுக்கைச் சட்டையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வேறு துணியை எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை உப்புமா கிண்டினேன். கேன்டீனில் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்ததும் தெரிந்தது, உப்பு போட மறந்திருக்கிறேன். பைக்குள் கையை விட்டேன். அட்டை இருந்தது, கம்பி விரலில் குத்தியது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன்.