அழுத்தாத கை

வலது கை வீங்கிப் படுத்திருப்பவருக்கும் அந்த பிசியோதெரபிஸ்ட் கழுத்திலிருந்துதான் வருட ஆரம்பிப்பார். "வீங்கினது கைங்க" என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "தெரியும். முன்னால நிக்கிற கூட்டத்தைக் கலைச்சாத்தானே பின்னால நிக்கிறவங்க நகர முடியும்?" என்பார். கழுத்து, அப்புறம் நன்றாக இருக்கிற இடது அக்குள், அதற்கும் பிறகே வலது கை. அதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும்.

என் மனைவி பேருந்து ஓட்டுநர். மார்பில் வந்த கட்டியை எடுத்தபோது, அக்குளில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். நோய் போனது. ஏழாம் மாதம் கை வீங்கியது. நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறதாம். ஸ்டீயரிங்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பணிமனையில் டிக்கெட் கவுன்டரில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். "பத்தொம்பது வருஷம் ரோட்டைப் பாத்தவ, இனிமே சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்று கேட்டாள். அப்படித்தான் மருத்துவமனையின் இரண்டாம் மாடிக் கடைசி அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிசியோதெரபிஸ்டுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஒட்ட வெட்டிய நகம். மோதிரம், வாட்ச் எதுவும் கிடையாது. எண்ணெய் பாட்டிலையும் காணோம். "வழுக்கினா தோல் நகராது" என்றார். உள்ளங்கையை வைத்துத் தோலை மட்டும் மெல்ல இழுத்துவிடுவார். அது தானாகத் திரும்பும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருக்கும்போது, சூடான பாலை ஆற்றுகிறவர் மாதிரி உதட்டைக் குவித்து ஊதுவார். ஊதுவது அவருக்கே தெரியாது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் அவருக்கு 'மயிலிறகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தும் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல பேருதான். வேற எதுவும் வெக்காம விட்டாங்களே!"

முடிந்ததும் விரலிலிருந்து தோள்வரை அடுக்கடுக்காகத் துணிக்கட்டு. வாரம் ஒருமுறை டேப் வைத்து அளவெடுப்பார். எத்தனை குறைந்தது என்று கேட்டால் முதலில் முகத்தைப் பார்ப்பார். "சாப்பிட்டீங்களா? சாப்பிடாம நம்பர் கேக்கக் கூடாது."

நான் பேக்கரியில் மாவு பிசைகிறவன். அந்த வருடல் எனக்குக் கண்துடைப்பாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்து, எண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்வரை அரை மணி நேரம் பிசைந்து தள்ளினேன். "நல்லாத்தான் இருக்கு" என்று அவளும் சொன்னாள். மறுநாள் காலை கை பழையபடி திம்மென்று நின்றது.

மயிலிறகு திட்டவில்லை. புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஜன்னலோரம் திருப்பிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். "சிவந்து காய்ச்சலும் வந்திருந்தா நான் தொடவே மாட்டேன். நேரா டாக்டர்கிட்டதான் அனுப்புவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது ரொட்டி மாவு இல்ல சார். தோலுக்கு அடியிலேயே மெதுவா ஓடற தண்ணி. நீங்க இந்த அமுக்கு அமுக்கினா அது எங்க போகும்? இனிமே இந்தக் கையைத் தொடாதீங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஐந்து வாரம் தொடவில்லை.

ஆறாம் வாரம் சீருடையின் மணிக்கட்டுப் பொத்தானை மாட்ட முடிந்தது. பணிமனைச் சோதனையில் அவள் வண்டியை ஓட்டிக் காட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து பழைய தடமே.

கடைசி நாளன்று மயிலிறகு ஒளிக்காமல் சொன்னார். "முழுசா போயிடுச்சுன்னு நினைக்காதீங்கம்மா. அடங்கியிருக்கு. தினமும் கவனிச்சா அடங்கியே இருக்கும், விட்டா திரும்ப ஏறும். கழுத்தும் கையும் நீங்களே பாத்துக்கலாம். முதுகுப் பக்கம் உங்களுக்கு எட்டாது. வீட்டுல யாரு இருக்கா?"

என் மனைவி மோவாயால் என்னைக் காட்டினாள். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கை கழுவிட்டு வாங்க" என்றார்.

என் உள்ளங்கையைப் பிடித்து என் மனைவியின் தோள்பட்டைக்குப் பின்னால் வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்தார். தோல் நகர்ந்தது, திரும்பியது. "இவ்வளவுதான்." இன்னொரு தடவை. இன்னும் ஒன்று. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "ம், வருது" என்றாள். பத்து தடவை எண்ணிவிட்டு, சரிதானா என்று கேட்க நிமிர்ந்தேன். என் கைமேல் அவர் கை இல்லை. எப்போதோ எடுத்துவிட்டு, அறையின் மறுகோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த நோயாளிக்குத் துணிக்கட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.