முக்காடு போட்ட வாத்தியார் கதை

எழுபதுகளின் கடைசியில் ஆரணி டுடோரியலில் எனக்கு ஆங்கிலம் எடுத்த சாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அப்பா பட்டு நெய்கிறவர். வெயில் காலம் வந்தால் தறியை நிறுத்திவிட்டு போளூர், சேத்துப்பட்டுப் பக்கம் கூத்துக்குப் போய்விடுவார். பெண் வேஷம். சபையில் அவமானப்பட்டு, எதிரியின் ரத்தம் பூசித்தான் கூந்தலை முடிவேன் என்று சபதம் போடும் அம்மன் வேஷம். அதற்கு விரதமெல்லாம் உண்டு. கடைசி நாள் பகலில், களத்தில் மண்ணால் செய்து கிடத்திய எதிரியின் தொடையைப் பிளந்ததும் கூந்தலை முடிவார். ஜனங்கள் காலில் விழுந்து எலுமிச்சம்பழம் வாங்கிப் போவார்கள். அந்த நேரத்தில் அவர் என் அப்பா இல்லை.

ஒருநாள் பாடத்தில் புராணக் கதையைக் குறிக்கும் 'மித்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அது 'மித்தோஸ்' என்ற கிரேக்கச் சொல், அதற்குப் பொய் என்று அர்த்தம் என்றார் சார். அதோடு விட்டிருக்கலாம். என்னை எழுப்பி நிறுத்தி, "இவங்கப்பா புடவை கட்டிகினு விடிய விடிய அழுவாரே, அதான் மித்தோஸ்" என்றார். வகுப்பே சிரித்தது.

சீக்கிரமே தெருப் பொடிசுகள் அப்பாவைப் பார்த்து "மித்தோஸ்" என்று கத்த ஆரம்பித்தன. அவருக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் கேலி என்று புரிந்தது. இந்த வருஷத்தோடு வேஷம் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வைகாசியில் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் அப்பா கூந்தல் முடிந்த அன்று, எலுமிச்சம்பழத் தட்டோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்து, அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் தாயே என்று அப்பா காலில் விழுந்தவர் எங்கள் சார். ஆரணியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். குனிந்த தலை நிமிராததால் அவர் என்னைப் பார்க்கவில்லை, அரிதாரத்துக்குள் இருப்பது யார் என்றும் அவருக்குத் தெரியவில்லை. அப்பாவும் அவரை அறியாமல் பழம் கொடுத்தார்.

கூத்தில் கட்டியங்காரன் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வருஷம் கட்டியங்காரன் என் மாமா. அவர் காதில் விஷயத்தைப் போட்டேன்.

மாமா மைக்கைப் பிடித்தார். "எல்லாம் பொய்னு சொல்ற ஆரணி வாத்தியார் முக்காடு போட்டுகினு வந்துகிறாருங்க. வழி விடுங்க."

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கதை ஆரணிக்கு வந்துவிட்டது. பொடிசுகள் அப்பாவை விட்டுவிட்டு சாரைப் பிடித்துக்கொண்டன. அடுத்த வருஷமும் அப்பா வேஷம் கட்டினார். கதை வளர்ந்தது. சார் களத்து மண்ணில் உருண்டார் என்றார்கள். பிறகு புடவை கட்டிக்கொண்டு உருண்டார் என்றார்கள். அவருக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது. கலசப்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு முன்பே கதை அங்கே போயிருந்தது.

எண்பதுகளில் வேலூர் நூலகமொன்றில் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டி மித்தோஸைத் தேடினேன். அதைப் படித்த நாளிலிருந்து சாருக்காகக் காத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்தார். நரைத்திருந்தார். "நான் உருளலம்மா. நீ பக்கத்துலயே இருந்தியாமே. பொய்னு நீயாவது சொல்லக் கூடாதா?"

அவர் உருளவில்லைதான். எனக்குத் தெரியும்.

"மித்தோஸ்னா மொதல்ல பொய் இல்லைங்க சார். சபையில நின்னு அழுத்தமா சொன்ன பேச்சு. அப்புறம் கதைன்னு ஆச்சு. பொய்னு சொன்னதெல்லாம் பின்னாடி வந்தவங்க."

உருண்ட கதையை யார் கிளப்பிவிட்டது என்றாவது சொல்லச் சொன்னார் சார்.

"அந்தச் சொல்லுக்கே மூலம் தெரியாதுன்னுதான் அகராதியில போட்டிருக்குங்க."

தலைக்குக் குளித்து, ஈரம் காயக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அப்புறம் அள்ளி முடிந்துகொண்டேன்.